கோடிக்கு எத்தனை பூஜ்யம்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவப் பத்திரிகைகளில், "பக்தகோடிகள் அனைவரும் வந்திருந்து ஸேவித்து, பகவத் கிருபைக்குப் பாத்திரராகுமாறு பிரார்த்திக்கிறோம்" என்று அச்சிடுவது வழக்கம். இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் தாங்களும் அந்தப் பக்தகோடிகளுள் ஒருவரே. அந்தக் கோடி எத்தனை என்று எவரும் கேட்பதில்லை. அச்சகத்தார் கேட்டதில்லை, அடியேனும் ஐம்பது பிராயம் கடக்கும் வரை கேட்டுக்கொண்டதில்லை. கேட்கும்படி செய்தவர், உப்பளத்தில் வேலை செய்து மூத்த ஓர் அம்மையார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில், திருப்பாவை ஸேவாகாலம் முடிந்து கோஷ்டி கலைந்த பின்னர், அவர் ஒரு சாக்குப் பையுடன் ஸன்னிதி வாசலில் நின்றிருந்தார். பை நிறைய நோட்டுப் புத்தகங்கள், எல்லாவற்றிலும் ஸ்ரீராமஜயம். அவருடைய மகன் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் வேலை பார்ப்பவர். ஒரு சமயம் அத்தோணி புயலில் சிக்கிப் பல நாள் செய்தியற்றுப் போயிற்று. பிள்ளை உயிருடன் கரை சேர்ந்தால் கோடி முறை ஸ்ரீராமஜயம் எழுதுவதாகத் தாய் நேர்ந்துகொண்டார். பிள்ளை வந்து சேர்ந்தார். அன்று தொடங்கி நாளொன்றுக்கு முந்நூறு நாமம். உப்பு அரித்த விரல்களால் ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிப் பத்து லட்சத்தை நிறைவித்தார். பத்து லட்சம் சேர்ந்தால் கோடி என்று யாரோ சொன்னதை அவர் நம்பியிருந்தார். பள்ளியில் படிக்கும் பேரன் கடைசி நோட்டின் அட்டையில் கண்ட எண்ணைப் படித்துவிட்டு, "ஆச்சி, கோடிக்கு ஏழு பூஜ்யம்; நீ ஆறுதான் போட்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டான்.

ஒரு பூஜ்யம் குறைந்துவிட்டது. எழுதவேண்டியது இன்னும் தொண்ணூறு லட்சம். அதே கதியில் எழுதினால் முப்பதாயிரம் நாள். அதாவது எண்பத்திரண்டு ஆண்டு. அம்மையாருக்கு அப்போதே வயது அறுபத்தாறு. மகனோ மறுபடியும் தோணி ஏறிவிட்டார். "சொன்ன சொல் குறைவாக நிற்கிறது சாமி, பிள்ளை கடல்மேல் இருக்கிறான்" என்றார்.

அடுத்த அர்ச்சனைக்கு நேரமாகிவிட்ட அவசரம். "பெருமாள் கணக்குப் பார்ப்பதில்லை, அம்மா" என்று சொல்லித் துளசியைக் கொடுத்தேன். அவர் நகரவில்லை. தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டி, "லட்சார்ச்சனை என்று போட்டிருக்கிறீர்களே சாமி, அதில் ஓராயிரம் குறைத்துச் செய்வீர்களா?" என்று கேட்டார்.

செய்யமாட்டோம். ஆயிரம் திருநாமங்களை நூறு ஆவ்ருத்தி அர்ச்சித்தால்தான் லட்சம். ஒவ்வோர் ஆவ்ருத்தி முடிந்ததும் ஒரு பாக்கை எடுத்து வைத்து எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கிறோம். தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினால் அடியேனுக்கே அன்றிரவு உறக்கம் வராது. பெருமாள் கணக்குப் பார்ப்பதில்லை என்று பிறருக்குச் சொல்ல அடியேனுக்கு என்ன யோக்யதை இருக்கிறது? "நாளைக்கு வாருங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டிக் கண்டவற்றையே இங்கு விண்ணப்பம் செய்கிறேன்.

முதலில் கோடி என்னும் சொல். வடமொழியில் அதற்கு முனை, நுனி, எல்லை என்று பொருள். தமிழிலும் தெருக்கோடி என்கிறோம், கோடியக்கரை என்கிறோம். எம்பெருமான் வில்லின் நுனியால் ஸேதுவை உடைத்த இடம் என்று பெரியோர் சொல்லும் தனுஷ்கோடி, 1964ஆம் ஆண்டு டிஸம்பர் புயலில் பாழ்பட்டும் பெயர் அழியாமல் நம் கடற்கரைக்கு வடகிழக்கே நிற்கிறது. ஆக, நூறு லட்சத்துக்குக் கோடி என்று பெயரிட்டவர்கள், எண்ணின் நுனிக்கு வந்துவிட்டோம் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நம் முன்னோர் அந்த நுனியில் நிற்கவில்லை.

யஜுர்வேதத்தில் ஏகம், தசம், சதம், ஸஹஸ்ரம் என்று பத்துப் பத்தாகப் பெருகும் வரிசை ஒன்று உண்டு. அயுதம், நியுதம், ப்ரயுதம், அர்புதம், ந்யர்புதம், ஸமுத்ரம், மத்யம், அந்தம் என்று ஏறிப் பரார்தத்தில் முடியும். அங்கே பரார்தத்துக்குப் பன்னிரண்டு பூஜ்யம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசார்யர் இயற்றிய லீலாவதியிலும் பரார்தமே கடைசிப் படி. ஆனால் அங்கே அதற்குப் பதினேழு பூஜ்யம். வேதத்தின் ஸமுத்ரத்துக்கு ஒன்பது பூஜ்யம். பாஸ்கரரின் ஜலதிக்குப் பதினான்கு. கடல் ஒன்றுதான்; ஊருக்கு ஊர் அதன் ஆழம் வேறாகிறது. இது நம்மவர் குறை என்று எவரும் நகைக்க வேண்டா. பில்லியன் என்று இன்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதற்கு அமெரிக்காவில் ஒன்பது பூஜ்யம், இங்கிலாந்தில் பன்னிரண்டு பூஜ்யம் என்று நெடுங்காலம் வேறுபட்டு வழங்கியது. ஆங்கில அரசாங்கம் ஒன்பதுக்கு இறங்கி வந்தது 1974ஆம் ஆண்டில்தான். நம் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். பெயரை நம்பினால் மோசம் போவோம், பூஜ்யத்தை எண்ணிப் பார்ப்பதே வழி. அந்தப் பேரன் செய்ததும் அதுவே.

ஆயினும் பூஜ்யத்தை எண்ணுவது எல்லாக் காலத்திலும் இயலக்கூடியதாக இருந்ததன்று. நம் பழைய தமிழ் ஏட்டுக் கணக்கில் பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. பூஜ்யம் இடும் வழக்கமே இல்லை. அங்கே பூஜ்யத்தின் வேலையைப் பெயரே செய்தது. ஆதலால் பெயர் சூட்டுவதில் அவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை.

பூஜ்யம் கல்லில் ஏறிய கதையும் நமக்கு இனியதே. குவாலியர் கோட்டையில் ஒரே பாறையைக் குடைந்தெடுத்த சதுர்புஜ விஷ்ணு ஆலயம் ஒன்று உண்டு. அங்குள்ள கல்வெட்டின் காலம் 876ஆம் ஆண்டு. நம் நாட்டில் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பூஜ்யக் குறிகள் அதில் காணப்படுகின்றன. அவை எதை எண்ணின என்று நினைக்கிறீர்கள்? படையையோ பொன்னையோ அன்று. பெருமாளுக்கு விடப்பட்ட நந்தவனத்தின் நீளம் 270 முழம். நாள்தோறும் ஸமர்ப்பிக்க வேண்டிய மாலைகள் 50. அவ்விரண்டு எண்களின் கடைசியில் சிறு வட்டமாகப் பூஜ்யம் நிற்கிறது. திருமாலை கட்டும் கைங்கர்யத்துக்காகக் கல்லில் வந்தமர்ந்த அக்குறியை நாம் பூஜ்யம், அதாவது பூஜிக்கத்தக்கது, என்று அழைப்பது தகும்.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் எம்பெருமானுக்குச் சூன்யன் என்றே ஒரு திருநாமம் உண்டு. ஒன்றுமில்லாதவன் என்று பொருள் கொண்டு மயங்கலாகாது. ஸ்ரீபராசர பட்டர், குற்றம் ஒன்றும் இல்லாதவன் என்று வியாக்கியானம் ஸாதித்தருளினார். அதே ஸஹஸ்ரநாமத்தில் ஏகன் என்றும் உண்டு, நைகன் என்றும் உண்டு. அஸங்க்யேயன், எண்ணிக்கைக்குள் அகப்படாதவன், என்றும் உண்டு. எண்ண முடியாதவனுக்குச் சரியாக ஆயிரம் நாமம் என்று எண்ணி வைத்திருப்பதும் நம் ஸம்ப்ரதாயமே. அந்த அம்மையாரின் கேள்விக்கு இதுவே விடையாகுமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இதைச் சொன்னால் அவர் மறுபடியும் நோட்டீஸைக் காட்டுவார்.

இனித் தமிழுக்கு வருவோம். பரிபாடலின் இரண்டாம் பாடல் திருமாலைப் பாடுவது, பாடியவர் கீரந்தையார். எம்பெருமான் வராஹ ரூபமாய் நிலமகளை எடுத்தருளியதைச் சொல்ல வந்த புலவர், அதற்கு முன் கழிந்த ஊழிகளை எண்ணுகிறார். லட்சம், கோடி என்னும் பெயர்களை அவர் கையாளவில்லை. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்பன அவர் கையாளும் எண்கள். நான்கு பூ, ஒரு சங்கு, கடைசியில் ஒரு வெள்ளம். நாம் அன்றாடம் ஸங்கல்பத்தில் சொல்லும் ச்வேதவராஹ கல்பத்துக்கு முந்தைய காலத்தை, குளக்கரையிலும் கடற்கரையிலும் கண்ட பொருள்களைக் கொண்டே அளந்துவிட்டார். நெய்தல் நிலத்தாராகிய நமக்கு இவ்வெண்களைத் தனியே விளக்க வேண்டுமோ? தண்ணீரைக் கண்டவர்களுக்கு மட்டுமே பெரிய எண்ணுக்குப் பெயர் வைக்கத் தெரியும் போலும்.

சங்கம் என்னும் எண்ணில் சற்று நிற்க விரும்புகிறேன். நம் முன்னோரிடையே ஒரு வழக்கு உண்டு. ஆயிரம் சிப்பிகள் சூழ நடுவில் ஓர் இடம்புரிச் சங்கு. ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி. ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம். ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சஜன்யம். சங்கு குளிப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆழ்கடலில் சங்குகள் கோஷ்டியாக நிற்பதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு படிகள், படிக்கு மூன்று பூஜ்யம், ஆகப் பன்னிரண்டு பூஜ்யம். பெருமாள் திருக்கையில் உள்ள ஒரு சங்குக்கு லட்சம் கோடி சிப்பிகள் பரிவாரம். ஸ்ரீவால்மீகி ராமாயணத்திலும் லட்சம் கோடிக்குப் பெயர் சங்கு! வடமொழியில் அச்சொல் முளைக்குச்சியைக் குறிப்பது. சங்கம் என்று படிக்கும் பாடபேதமும் உண்டு. பாடபேதத்தைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். சங்கு விளையும் கடற்கரையில் பூஜை செய்பவன் எந்தப் பாடத்தை விரும்புவான் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

முத்துக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு இதைவிட நெருங்கியது. சலாபக் காலத்தில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. சல்லடைக்குப் பெயரே எண்தான்: இருபது துளை உள்ளது இருபது, ஆயிரம் துளை உள்ளது ஆயிரம். இருபதில் தங்குவது பெருமுத்து. ஆயிரத்தில் தங்குவது கண்ணுக்கு எட்டாத பொடி. எண் ஏற ஏற முத்துச் சிறுத்துக்கொண்டே போகும். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் அச்சல்லடைகளுக்கு இங்கு வேலை இல்லாமற் போயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் கழுத்தில் கண்ட ஒரு மாலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பட்டு நூலில் கோத்த பெரிய முத்துக்களும் மாணிக்கங்களும், மொத்தம் 104. அழகுக்காக அன்று; நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அத்தனை முறை நாமம் சொல்லி எண்ணுவதற்கு. அரசர் சொன்ன சொல்லை அந்த யாத்ரிகர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினார். அது பகவானின் திருநாமமே என்று அறிஞர் கொள்வர். 104 என்பது 108ஆக இருந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். கொற்கை முத்துக்கு உடையவரின் ஜபமாலையிலும், எழுதியவர் கணக்கில் நான்கு குறைந்தே நிற்கிறது.

இவ்வளவும் படித்தும் அம்மையாருக்குச் சொல்ல விடை கிடைக்கவில்லை. பின்னிரவில் ஸ்ரீமத் ராமாயணத்தை எடுத்தேன். யுத்தகாண்டத்தின் இருபத்தைந்தாம் ஸர்க்கம் முதல் வரும் சுக ஸாரண விருத்தாந்தம் அது. எத்தனையோ முறை பாராயணம் செய்த பகுதி. அன்றுதான் உண்மையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஸேது கட்டி முடிந்து வானரசேனை கடலைக் கடந்துகொண்டிருக்கிறது. ராவணன், சுகன், ஸாரணன் என்னும் இரு மந்திரிகளை அழைத்து, வானர வேடம் பூண்டு சென்று அச்சேனையை எண்ணி வருமாறு ஏவுகிறான். அவர்கள் வந்தார்கள், எண்ண முயன்றார்கள், முடியவில்லை. மலை உச்சியிலும் அருவிக் கரையிலும் குகையிலும் கடற்கரையிலும் சேனை. கடந்தது பாதி, கடப்பது பாதி. விபீஷணாழ்வான் அவர்களைக் கண்டுபிடித்துப் பெருமாள் திருமுன்பே நிறுத்தினார். உயிர் போயிற்று என்று அவர்கள் நடுங்கினார்கள். சக்ரவர்த்தித் திருமகனோ சிரித்தருளினான். வந்த காரியம் முடிந்ததானால் போகலாம் என்றும், பார்க்காதது ஏதேனும் மிச்சமிருந்தால் பார்த்துக்கொண்டு போகலாம், விபீஷணன் எல்லாவற்றையும் காட்டுவான் என்றும் அருளிச்செய்து விடுவித்தான். பகைவனுடைய கணக்கும் குறைவாக நிற்கக் கூடாது என்று கருதுகிற ஸ்வாமி!

திரும்பிச் சென்று சுகன் ராவணனிடம் சொன்ன கணக்கைக் கேளுங்கள். நூறு லட்சம் ஒரு கோடி. லட்சம் கோடி ஒரு சங்கு. லட்சம் சங்கு ஒரு மஹாசங்கு. இவ்வாறே ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் லட்சம் மடங்காக, பிருந்தம், மஹாபிருந்தம், பத்மம், மஹாபத்மம், கர்வம், மஹாகர்வம், ஸமுத்ரம், ஓகம், மஹௌகம் என்று ஏறுகிறது. கோடிக்கு ஏழு பூஜ்யம். அதன்மேல் பதினொரு படி, படிக்கு ஐந்து பூஜ்யம். ஆக மஹௌகத்துக்கு அறுபத்திரண்டு பூஜ்யம். ஓகம் என்றாலும் வெள்ளம்தான். பரிபாடற் புலவர் நின்ற இடத்திலேயே வால்மீகி பகவானும் வந்து நிற்கிறார்.

இது சேனையின் மெய்யான தொகையா என்று வாதிடுவது வீண். பூமியில் உள்ள கடல்கள் அனைத்தும் ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர் நீர் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது துளி என்று கொண்டு, அத்தனை கடலையும் துளித்துளியாக எண்ணினாலும் இருபத்தாறு இலக்கத்துக்குள் அடங்கிவிடும். வால்மீகியின் மஹாபிருந்தத்தைக்கூட எட்டாது. அவருடைய ஸமுத்ரத்துக்கோ ஐம்பத்திரண்டு பூஜ்யம். இத்தனை வானரர்கள் இலங்கையில் எங்கே நிற்பது? எண்ணச் சென்றவன் எண்ணமுடியாமல் திரும்பினான். திரும்பியதைத் தன் அரசனிடம் சொல்ல அவனுக்குத் தெரிந்த பெரிய பெயர்களையெல்லாம் அடுக்கினான். அறுபத்திரண்டு பூஜ்யமும் ஒரு நடுக்கத்தின் நீளமே என்பது அடியேனுக்குத் தோன்றும் கருத்து.

ஆனால் அந்த ஒற்றர்கள் இதற்கு முன்பே வேறொரு கணக்கும் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் அடியேன் இத்தனை காலம் கவனியாமல் கடந்து போயிருந்தேன். இலங்கை திரும்பியவுடன் அவர்கள் சொன்னது சேனையைப் பற்றியதன்று. ராமன், லக்ஷ்மணன், ஸுக்ரீவன், விபீஷணன் ஆகிய நால்வரே இந்நகரத்தைப் பெயர்த்தெறியப் போதும். சேனை வேண்டா என்றார்கள். உடனே அதையும் திருத்தினார்கள். மற்ற மூவரும் ஒதுங்கி நிற்கட்டும், அந்த ராமன் ஒருவனே போதும் என்றார்கள். மஹௌகம் நாலாயிற்று, நாலு ஒன்றாயிற்று. ராவணன் பெரிய எண்ணையும் கேட்டான், ஒன்றையும் கேட்டான். இரண்டுக்கும் கோபித்து இருவரையும் விரட்டிவிட்டான்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியே சென்றால் திருப்புல்லாணி. நவதிருப்பதி ஸேவித்த யாத்ரிகர்களுள் பலர் அங்கும் செல்வார்கள். எம்பெருமான் தர்ப்பையில் சயனித்துக் கடலரசனிடம் வழி வேண்டிய இடம். விபீஷணாழ்வான் சரணாகதி செய்ததும் அக்கரையிலேயே என்பது ஸ்தல ஐதிஹ்யம். அவர் வந்தபோது உடன் வந்தவர் நால்வர். இப்பக்கம் நின்ற வானரரோ எண்ணில்லாதவர். அவர்களுடைய அரசனாகிய ஸுக்ரீவனே, ஏற்கலாகாது, கொல்லத்தக்கவன் என்றான். அத்தனை பேருக்கும் எதிரே பெருமாள் தன் விரதத்தை வெளியிட்டருளினான். அதில் உள்ள சொல் ஸக்ருத். தமிழில், ஒரு முறை. "உனக்கு அடியேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னவனுக்கு எல்லாரிடத்திலிருந்தும் அபயம் அளிப்பதாக அருளிச்செய்தான். லட்சம் முறை சொன்னால் என்றோ, கோடி முறை எழுதினால் என்றோ ஒரு நிபந்தனையும் இல்லை.

பொழுது விடிந்தது. அம்மையார் வந்தார். சுகன் கதையையும் விபீஷணாழ்வான் கதையையும் சொல்லி, "உங்கள் பிள்ளை கடலில் தவித்த அன்று, ராமா என்று எத்தனை முறை கூப்பிட்டீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"எண்ணவில்லையே, சாமி."

"முதல் முறை கூப்பிட்டதே போதும். அதற்குத்தான் பிள்ளை திரும்பினார். கோடி எழுதியதற்குக் கூலியாக அன்று. நீங்கள் அப்போது எழுதத் தொடங்கவே இல்லையே!"

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். மாறாக வாடிப்போயிற்று. "ஒரு தரம் போதுமென்றால், நான் எழுதிய பத்து லட்சமும் வீண்தானா?" என்றார்.

பூர்வாசார்யர்களின் கிரந்தங்களை வாசித்தவர்கள் எழுப்பும் ஆக்ஷேபம் இது. உப்பளத்து அம்மையார் அரை நிமிஷத்தில் எழுப்பிவிட்டார். நம் ஸித்தாந்தத்தில் இதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. சரணாகதி ஒரு முறை. அதை மறுமுறை செய்வது செய்ததை நம்பாமையாகும். அதன்பின் செய்யும் கைங்கர்யத்துக்கோ எல்லையே இல்லை. அது பலனைப் பெறுவதற்காக அன்று, பெற்ற உகப்பால் செய்வது. ஒன்று முன்னே நின்றுவிட்டது. இனி அதன் பின்னே எத்தனை பூஜ்யம் வந்தால் என்ன? இப்படி அவரிடம் சொல்லவில்லை. பெரியாழ்வாரைப் பற்றிச் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர் அவர். பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன் ஸபையில் பரத்வத்தை நிலைநாட்டிப் பொற்கிழி அறுத்து, யானைமேல் மதுரை வீதியில் எழுந்தருளும்போது, பெருமாளே கருடாரூடனாய் வானத்தில் ஸேவை ஸாதித்தான். எதைக் கேட்டாலும் கிடைக்கும் தருணம். ஆழ்வாரோ எதையும் கேட்கவில்லை, அஞ்சினார். இந்தத் திருமேனிக்கு யார் கண் படுமோ என்று, தாய் பிள்ளைக்கு அஞ்சுவது போல அஞ்சிப் பல்லாண்டு பாடினார். ஆண்டு என்று தொடங்கி, ஆயிரம் என்று ஏறி, கோடி என்று ஏறி, அதையும் நூறாயிரத்தால் பெருக்கினார். அப்படியும் ஆறாமல், எண்களுக்கு முன்னே "பல" என்னும் ஒரு சொல்லை வைத்துவிட்டார். கோடிக்கு ஏழு பூஜ்யம் என்று பேரன் சொல்வான். பல என்பதற்கு எத்தனை பூஜ்யம் என்று கேட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தார் சொல்வார்கள்?

காலமே தான் என நிற்பவனுக்கு ஆயுள் குறையுமா, இவர் எண்ணிக் கூட்ட? ஆழ்வாருக்கு அது தெரியாதா? தெரிந்தும் எண்ணினார். பிள்ளை கரை சேர்ந்த பிறகும் ஒன்பது ஆண்டு உட்கார்ந்து எழுதியது யாருக்காக என்று அந்த அம்மையாரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சாக்குப் பையின் வாயைப் பிரித்து, கடைசி நோட்டை எடுத்து, அட்டையில் பேரன் கையெழுத்தில் இருந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்தார்.

"அப்படியானால் நம்பர் போடவேண்டாமென்று அந்தப் பயலிடம் சொல்லிவிடுகிறேன், சாமி" என்றார்.

அந்த நோட்டுகள் முன்மண்டபத்தின் தென்புறத்தில், திருச்சங்காழ்வான் திருவுருவத்துக்குக் கீழே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உத்ஸவத்துக்கு வரும் பக்தர்கள் கண்டு ஸேவிக்கலாம். முதல் அடுக்கில் உள்ளவற்றில் எண் இருக்கும். மேலே இருப்பவை பின்னர் எழுதியவை. அவற்றின் அட்டையில் ஒன்றும் இராது. மகன் இவ்வாண்டும் தோணியில்தான் இருக்கிறார். கருடஸேவைக்குள் கரை சேர்ந்துவிடுவார் என்று அம்மையார் சென்ற வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடியேன்,
ஸன்னிதி அர்ச்சகன்